ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருக்கின்றன: கார் சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றுகளை வெட்டி எடுத்து வண்டியின் உயரத்தைக் குறைப்பது. பல ஆண்டுகளாகப் பட்டறையில் ஸ்பிரிங்குகளோடு பழகியவன் என்ற முறையில், 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏன் கூடாது, எந்த ஓர் இடத்தில் மட்டும் செய்யலாம் என்பதைக் கணக்கோடு தெரிந்துகொண்டால்தான், பட்டறைக்காரர் கட்டரைக் கையில் எடுக்கும்போது நீங்கள் அவரிடம் நின்று பேச முடியும். முதல் கேள்விக்கான பதில் நீண்டுவிட்டதற்கு அதுவே காரணம்.

கேள்வி: என்னிடம் 2012-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் இருக்கிறது. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்று வெட்டினால் வண்டி அழகாகத் தாழ்ந்து நிற்கும் என்றும், வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாகிவிடுவதால் அடி தட்டாது என்றும் நண்பரின் பட்டறையில் சொல்கிறார்கள். காஸ் கட்டிங்கில் அரை நாளில் முடித்துத் தருவார்களாம். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பட்டறையில் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். காயில் ஸ்பிரிங் என்பது சுருட்டி வைக்கப்பட்ட ஒரு நீண்ட முறுக்குக் கம்பி. மேலிருந்து பாரம் அழுத்தும்போது கம்பி தன் நீளம் முழுவதிலும் சிறிது சிறிதாக முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கம் எல்லாம் சேர்ந்துதான் ஸ்பிரிங் அமுங்குவதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பியின் நீளத்தைக் குறைத்தால் முறுக்கிக்கொள்ள இடம் குறையும், அதனால் விறைப்பு கூடும். வேலை செய்யும் சுற்றுகள், அதாவது உண்மையில் அமுங்கி விரியும் சுற்றுகள், 6 ஆக இருந்து 5 ஆகக் குறைந்தால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். கம்பியின் பலம் போய்விடும் என்று பலர் பயப்படுவது சரியல்ல. கம்பியின் கனமும் சுற்றின் விட்டமும் மாறாதவரை, அதே பாரத்துக்குக் கம்பி தாங்கும் அழுத்தமும் மாறுவதில்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

எளிதாக வகுபடும் எண்களோடு ஒரு முன் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். வேலை செய்யும் சுற்றுகள் 6. பாரமில்லாதபோது உயரம் 360 மி.மீ.; ஒரு மி.மீ. அமுக்க 2 கிலோ வேண்டும். அதன் தலையில் நிற்கும் பாரம் 300 கிலோ. ஆகவே அது 150 மி.மீ. அமுங்கி, 210 மி.மீ. உயரத்தில் நிற்கும். இதில் ஒன்றரைச் சுற்று போனால் வெறும் உயரம் 270 ஆகிறது, விறைப்பு 2.67 ஆகிறது, 300 கிலோவுக்கு 112 மி.மீ. அளவே அமுங்குகிறது, நிற்கும் உயரம் 157.5. ஸ்பிரிங்கில் வெட்டி எறிந்தது 90 மி.மீ. என்றாலும் வண்டி இறங்குவது சுமார் 52 மி.மீ. இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியதில்லை: வண்டி தரையில் நிற்கையில் ஒரு சுற்று எவ்வளவு உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, அதை வெட்டினால் ஸ்பிரிங் அவ்வளவுதான் குட்டையாகும். கழற்றி மேஜைமேல் வைத்த ஸ்பிரிங்கில் அளவெடுத்து வெட்டுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது அடி தட்டாது என்ற வாக்குக்கு வருகிறேன். வண்டி சும்மா நிற்கும்போது, சக்கரம் மேலெழும்பி பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடுவதற்கு 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்திலும் மேட்டிலும் வரும் அடியை ஸ்பிரிங் வாங்கிச் சேமித்துக்கொள்வது இந்த 70 மி.மீ. ஓட்டத்துக்குள்தான். சேமிக்கும் ஆற்றல் விறைப்பைப் பொறுத்து நேராகவும், ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். ஓட்டம் பாதியானால் அதே அடியை வாங்க விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். உங்கள் வண்டியில் ஓட்டம் 70-லிருந்து 18-ஆகச் சுருங்குகிறது. அதற்கு ஈடுகட்ட விறைப்பு 15 மடங்காக வேண்டும். ஒன்றரைச் சுற்றை வெட்டியதால் கிடைத்ததோ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. பின்பக்கத்திலும் ஏறத்தாழ இதே கணக்கென்றால், பின் சீட்டில் மூவர் ஏறி உட்கார்ந்ததும் அந்த 18 மி.மீ. தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டியின் ஸ்பிரிங் அந்தச் சிறு ரப்பர் கட்டைதான். 'அது தடுக்கிறது' என்று அதையும் பாதியாக அறுத்துவிடும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். ஷாக் அப்சார்பருக்குள் பிஸ்டன் அடித்தட்டில் நேரடியாக மோதத் தொடங்குவது அப்போதுதான்.

தரை உயரத்தையும் பாருங்கள். உங்கள் ஸ்விஃப்டுக்கு அது 170 மி.மீ.; 52 போனால் 118. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. உங்கள் வண்டியின் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2.43 மீட்டர்தான் என்பதால், அந்த அகலமான மேட்டில் இரண்டு அச்சுகளும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கும். நடுவே மேடு வண்டியின் அடியை நோக்கி எழுவது 43 மி.மீ. அளவுக்கு மட்டுமே. அதைத் தாழ்ந்த வண்டியும் தாண்டிவிடும். ஆனால் நம் தெருக்களில் ஊரார் சேர்ந்து ஒரே இரவில் போட்டுவிடும் குறுகலான சிமெண்ட் மேடு அப்படியில்லை. அது முழுக்க முழுக்க இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் அடங்கிவிடுவதால், அதன் உயரம் 12 செ.மீ. என்றால் அந்த 12 செ.மீ.யும் வண்டியின் வயிற்றுக்குத்தான் வரும். முதலில் உரசுவது சைலன்சர் குழாய். அடுத்து என்ஜின் ஆயில் சம்ப்.

காஸ் கட்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதுபோல், ஸ்பிரிங் எஃகையும் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 400 டிகிரி செல்சியஸையொட்டிய மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். மீண்டும் மீண்டும் முறுக்கப்பட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் அந்தப் பதத்திலிருந்து வருவது. காஸ் ஜுவாலையின் சூடு 3,000 டிகிரியைத் தாண்டும். வெட்டிய முனைக்குப் பின்னால் கம்பி நீலம் பாய்ந்து நிற்பதை நீங்களே பார்க்கலாம். அந்த நீளத்தில் எஃகு ஒரு பக்கம் மென்மையாகியும், வெட்டு வாயில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றும் இருக்கும். பக்கத்துச் சுற்றில் தெறித்த ஒரு துளி எஃகுகூட அங்கே பெயிண்டை எரித்து, பின்னாளில் வெடிப்பு தொடங்க இடம் கொடுக்கும். வெட்டாமலே, வண்டியில் இருக்கும்போதே ஸ்பிரிங்கைச் சூடுகாட்டித் தொய்யவிடுவது இதைவிடக் கொடியது. அது எவ்வளவு இறங்கும், எப்போது உடையும் என்று எவராலும் சொல்ல முடியாது.

என் முடிவான கருத்து: வெட்டாதீர்கள். தாழ்ந்த தோற்றம்தான் வேண்டுமென்றால், உங்கள் வண்டி மாடலுக்கென்றே கணக்கிட்டுச் செய்த, 25 முதல் 30 மி.மீ. மட்டும் இறக்கும் ஸ்பிரிங்குகளும், அந்த விறைப்புக்குப் பொருந்திய ஷாக் அப்சார்பர்களும் கிடைக்கின்றன. அவற்றின் விலை அதிகமாகத் தெரிவது நியாயம்தான். அவற்றையும் சட்டத்தின் கண்ணில் பார்த்துத்தான் போட வேண்டும். அதைச் சென்னை வாசகரின் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய பிரீமியர் பத்மினியைப் புதுப்பித்து வருகிறேன். முன் ஸ்பிரிங் இரண்டும் உட்கார்ந்துவிட்டதால் ஸ்பிரிங் செய்யும் பட்டறையில் புதிதாகச் சுற்றி வாங்கினேன். போட்ட பிறகு வண்டியின் மூக்கு 25 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஓட்டிப் பழகினால் தானாக இறங்கிவிடும் என்கிறார்கள். வெட்டுவதா, காத்திருப்பதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வெட்டலாம் என்று நான் சொல்லக்கூடிய அரிய இடங்களில் இது ஒன்று. இங்கே நோக்கம் வண்டியைத் தாழ்த்துவதல்ல, அது நிற்க வேண்டிய உயரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. ஆகவே சக்கரத்தின் ஓட்டம் குறையவில்லை, சரியாகிறது. ஆனால் வெட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

புதிய ஸ்பிரிங் சிறிது இறங்கும் என்பது உண்மை. நல்ல பட்டறையில் ஸ்பிரிங்கை முழுவதுமாக அமுக்கி விட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். அப்படிச் செய்யாத ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் சில மி.மீ. குட்டையாகும். 500 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அளந்து பாருங்கள். என்ஜின், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி, பம்பர் எல்லாம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப்பிக்கும் வண்டியில் பாதிப் பொருள்கள் தரையில் கிடக்கும்போது அளந்துவிட்டுக் கவலைப்படுபவர்கள் உண்டு. லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின்) ரப்பர் புஷ்களைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால், அவற்றின் முறுக்கே மூக்கைத் தூக்கிப் பிடிக்கும். நட்டுகளைத் தளர்த்தி, வண்டி தரையில் நிற்கும்போது மீண்டும் இறுக்குங்கள். நான்காவதாகக் கம்பியின் கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, 12 மி.மீ. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கைக்குக் கிடைத்த 13 மி.மீ. கம்பியைச் சுற்றியிருந்தால் விறைப்பு 38 சதவீதம் கூடியிருக்கும். அந்த ஸ்பிரிங்கை வெட்டினால் இன்னும் விறைக்கும். திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி.

இவை எல்லாம் சரியாக இருந்து, மூக்கு இன்னும் உயரமாகவே நின்றால் வெட்டும் அளவைக் கண்டுபிடிப்போம். சக்கரத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிடிக்கும் இரட்டைக் கை சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் சக்கரத்தின் நேர்மேலே இல்லாமல், உள்ளே தள்ளிக் கீழ்க்கையின்மேல் அமர்கிறது. ஆகவே ஸ்பிரிங் கொஞ்சம் குட்டையானாலே சக்கரத்திடம் அது பெரிதாகத் தெரியும். ஜாக்கியால் சக்கரத்தை 20 மி.மீ. உயர்த்தி, ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்கியது என்று அளந்துகொள்ளுங்கள். 12 மி.மீ. என்றால் விகிதம் 0.6, அப்படியானால் வண்டியின் மூக்கு 25 மி.மீ. இறங்க ஸ்பிரிங் 15 மி.மீ. குட்டையானால் போதும். வண்டி நிற்கையில் ஒரு சுற்று 30 மி.மீ. பிடித்திருந்தால் அரைச் சுற்று. கணக்கு அரைச் சுற்று என்று சொன்னால், முதலில் கால் சுற்றுதான் வெட்ட வேண்டும்; மாட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மீதியைப் பிறகு எடுங்கள். வெட்டியதை ஒட்டவைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது; ஸ்பிரிங்கில் வெல்டிங் என்ற பேச்சே கூடாது.

எந்த முனையை வெட்டுவது என்பதும் முக்கியம். கம்பி சுற்றின் போக்கிலேயே திறந்து முடியும் முனையை மட்டும்தான் வெட்டலாம். பன்றிவால்போல் உள்ளே சுருங்கி முடியும் முனையையும், அடுத்த சுற்றோடு படிந்து தட்டையாக அரைத்து விடப்பட்ட முனையையும் தொடக்கூடாது. அவை தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்கார்வதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. இரண்டு முனையும் அத்தகையவையாக இருந்தால் வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, சரியான உயரத்தில் வேறு சுற்றி வாங்குங்கள். கிண்ணத்தில் கம்பி முனை முட்டி நிற்க ஒரு படி இருக்கும். முழுச் சுற்று வெட்டினால் மேல்முனையும் கீழ்முனையும் பழைய திசையிலேயே நிற்கும். அரைச் சுற்று வெட்டினால் ஒன்று எதிர்ப்பக்கம் போய்விடும். மேலே படி இல்லாத வண்டியில் அது தடையில்லை. இரண்டு பக்கமும் படி இருந்தால் தடை.

வெட்டுவதற்கு ஆங்கிள் கிரைண்டரும் மெல்லிய கட்டிங் வீலும் போதும். ஈரத் துணியைக் கம்பியில் சுற்றி, சில நொடிகள் அறுத்து, தண்ணீர் ஊற்றி, தொட்டுப் பார்த்துக் கை சுடாத நிலையில் மறுபடி அறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலையை அரைமணி நேரம் செய்யுங்கள். வெட்டு வாயின் கூர் விளிம்பை அரத்தால் உருட்டி, இரும்பு வெளியே தெரியும் இடம் முழுவதும் பிரைமரும் பெயிண்டும் பூசுங்கள். காரைக்குடியில் இதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பெயிண்ட் இல்லாத ஸ்பிரிங் முனை ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துச் சொரசொரப்பாகி, அங்கிருந்து வெடிக்கத் தொடங்கும். இடமும் வலமும் ஒரே அளவு வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது உயிருக்கே ஆபத்து உண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். மி.மீ.க்கு 2 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங்கை 200 மி.மீ. அமுக்கினால், 40 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அதற்குள் அடங்கிக் கிடக்கும். முறையான ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல், கயிற்றையும் கம்பியையும் கட்டி இந்த வேலையைச் செய்யும் இடத்தில் நீங்கள் நிற்கவும் வேண்டாம்.

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. சுருட்டாமல் நேராக நீட்டி வைத்த டார்ஷன் பார்தான். அதன் உயரத்தை வெட்டாமலே, பாரின் பல்லை மாற்றி மாட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: சென்ற ஆண்டு நான்கு ஸ்பிரிங்கையும் வெட்டினேன். வேகத்தடையிலிருந்து இறங்கும்போது பின்பக்கத்தில் 'டங்' என்று சத்தம் வருகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றியும் போகவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்தப் பதிலைப் படித்ததும் வண்டியை அதிகம் ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஷாக் அப்சார்பர் முழுவதும் நீண்டு சக்கரம் தொங்கும்போது மேல் கிண்ணத்துக்கும் கீழ் கிண்ணத்துக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதைவிட ஸ்பிரிங்கின் வெறும் உயரம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எந்த நிலையிலும் அது இறுகிப் பிடித்திருக்கும். வெட்டியதால் உங்கள் ஸ்பிரிங் அதைவிடக் குட்டையாகிவிட்டது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறுகிறது. சக்கரம் மறுபடி தரையை அழுத்தும்போது கிண்ணத்துக்குள் குதித்து உட்காருகிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான்.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் ஷாக் அப்சார்பர் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் இருக்கும். ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்க போல்ட் எதுவும் இல்லை. அதன் அழுத்தமே அதைப் பிடித்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், வேறெங்கோ வெட்டப்பட்ட ஒரு கார் பிரேக் வேலைக்காக என் பட்டறைக்கு வந்தது. லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிய அந்த நொடியில், இடப்பக்க ஸ்பிரிங் சாய்ந்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, என் கால் அருகே சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. அதன் அடிமுனையில் ரப்பர் பட்டையே இல்லை. கிண்ணத்தின் பெயிண்ட் வட்டமாகத் தேய்ந்து பளபளவென்று இரும்பு தெரிந்தது. அந்த வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அன்று காலைதான் 60 கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்துக்கு மேல் சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நொடியில் அந்த ஸ்பிரிங் விழுந்திருக்கலாம் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

சோதனை எளிது. வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கை இரு கையாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். சுழன்றாலோ, மேலும் கீழும் அசைந்தாலோ, அது இருக்கக்கூடாத ஸ்பிரிங். கம்பிக் கட்டு போட்டு நிறுத்துவதும், கிண்ணத்தில் ரப்பர் திணிப்பதும் தீர்வல்ல. கம்பெனி அளவுள்ள புதிய ஸ்பிரிங்கைப் போடுங்கள்.

கேள்வி: முன்பக்கம் ஒரு சுற்று வெட்டிய பிறகு இரண்டு முன் டயர்களும் உள்பக்கமாகத் தேய்கின்றன. வண்டி சிறு பள்ளத்தில்கூட இரண்டு மூன்று முறை ஆடி நிற்கிறது. வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகுமா?
– வாசகர், மதுரை

பதில்: தேய்மானம் குறையும், ஆட்டம் நிற்காது. வண்டி தாழும்போது லோயர் ஆர்மும் ஸ்டியரிங் டை ராடும் வெவ்வேறு வளைவில் மேலே போவதால் டோ அளவு, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறிவிடுகிறது. சக்கரத்தின் தலை சற்று உள்ளே சாய்வதும் உண்டு. டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான் என்பதால் அலைன்மென்ட் அதைச் சரிசெய்யும். கேம்பர் எனப்படும் அந்தச் சாய்வைத் திருத்தும் வசதி நம் சிறிய கார்களில் பலவற்றுக்கு இல்லை.

ஆட்டத்துக்குக் காரணம் வேறு. ஷாக் அப்சார்பரின் வேலை, அமுங்கிய ஸ்பிரிங் திரும்பித் துள்ளாமல் இழுத்துப் பிடிப்பது. அது பழைய விறைப்புக்கு அளவெடுத்தது. இப்போது ஸ்பிரிங் வேகமாகத் திரும்புகிறது, பிடிக்கும் கை பழையதாகவே இருக்கிறது. ஏற்கெனவே 60,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக் என்றால் கேட்கவே வேண்டாம்.

அலைன்மென்டுக்குப் போகும்போது மூன்றை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்: டிரைவ் ஷாஃப்ட் பூட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் ரப்பர் உறை) எங்காவது உரசிக் கிழிந்திருக்கிறதா, பிரேக் ஹோஸ் முழு ஸ்டியரிங்கில் இழுபடாமல் உள்ளதா, ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது. சில வண்டிகளின் பின் அச்சில், பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். பின்பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால், அந்த வால்வு வண்டியில் எப்போதும் பாரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் அனுப்பும்; மழையில் பிரேக் போட்டால் வண்டியின் வால் சுழன்றுவிடும். பின் ஸ்பிரிங்கை வெட்டியவர்கள் இந்த ஒன்றையாவது உடனே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கை மாற்றுவதற்கும் வெட்டுவதற்கும் சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், சென்னை

பதில்: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த அளவுகளிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. உற்பத்தியாளரின் மூல அளவுகளை மாற்ற முடியாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி.யில் ஸ்பிரிங்கின் உயரம் எழுதப்படுவதில்லை என்பதால் இது பொருந்தாது என்று வாதிடுபவர்கள் உண்டு. விபத்து நடந்து, வண்டியைப் பார்வையிட வருபவரின் கண்ணில் காஸ் கட்டிங் தழும்போடு ஒரு ஸ்பிரிங் பட்டால், அந்த வாதத்தோடு இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். ஐயம் இருந்தால் வேலை தொடங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் காரின் பின்பக்கம் வலதுபுறம் 20 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. இடப்பக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டிச் சமப்படுத்தலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நோயுள்ள காலுக்கு ஈடாக நல்ல காலைக் குறைப்பது போன்றது அது. வலப்பக்க ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம், அடியில் ஒரு சுற்று உடைந்தும் இருக்கலாம். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே ஒளிந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள். தவிர, நான்கு கால் நாற்காலியில் ஒரு கால் குட்டையானால் எதிர்மூலையும் ஆடுவதுபோல, பின் வலது தாழ்ந்திருப்பதன் காரணம் முன் இடதிலும் இருக்கலாம். நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டு, கோளாறுள்ள அச்சில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: நான் தாழ்த்தக் கேட்கவில்லை, உயர்த்தக் கேட்கிறேன். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே மாட்டும் ரப்பர் பஃபர் நல்லதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பஃபர் இரண்டு சுற்றுகளைப் பிரித்துப் பிடித்து அந்த இடத்தை அசையவிடாமல் செய்கிறது. அதாவது, வெட்டாமலே ஒரு சுற்றை வேலையிலிருந்து நீக்குகிறது. உயரம் கூடுகிறது, விறைப்பும் கூடுகிறது. பள்ளத்தில் அமுங்கும் வேலை முழுவதும் மற்ற சுற்றுகளின்மேல் விழுவதோடு, ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே புகும் மணல் பெயிண்டை அரைத்துவிடும். ஒரு பயணத்துக்குப் பாரம் ஏற்ற மாட்டிக் கழற்றுபவரை நான் தடுக்க மாட்டேன். ஆண்டுக்கணக்கில் மாட்டியே வைத்திருப்பவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, கம்பியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்த ஸ்பிரிங்கை நிமிர்த்த இதைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது உயரமான எஸ்.யூ.வி. என் மாமனாருக்கு 78 வயது. மூட்டுவலியால் ஏற முடியவில்லை. வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைக்கலாம் என்று என் கணவர் சொல்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவரின் அக்கறை புரிகிறது, அம்மா. ஆனால் ஒரு சுற்று முழுவதும் வெட்டினாலும் வண்டி இறங்குவது மூன்று விரல் அகலம்கூட இருக்காது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் தளத்துக்குக் கால் வைக்க முடியாதவருக்கு அந்த இறக்கத்தால் பயனில்லை. வெட்டியதால் வண்டி தூக்கிப் போடுவதோ அவருடைய மூட்டுக்கும் முதுகுக்கும் கூடுதல் வேதனை.

ஏறும் உயரத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. தச்சரிடம் சொல்லி 20 செ.மீ. உயரத்தில், இரண்டு பாதங்களும் தாராளமாக நிற்கும் அளவுக்கு அகலமாக ஒரு மணை செய்யுங்கள். மேலே கோடு போட்ட ரப்பர் விரிப்பும், நான்கு காலுக்கும் ரப்பர் குமிழும் ஒட்டச் சொல்லுங்கள். அதன்மேல் ஏறி நின்று, முதுகைச் சீட்டின் பக்கம் திருப்பி, முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால்கள் இரண்டையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிய நிலை அப்போது வராது. சீட் துணியாக இருந்தால் வழுவழுப்பான ஒரு துண்டை விரித்துவிட்டால் திரும்புவது எளிது. அவர் உட்கார்ந்து திரும்பியதும் துண்டை உருவி எடுத்துவிட்டு, பிறகு பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். கதவோரத் தூணில் கைப்பிடி இல்லையென்றால், அவர் பிடித்துக்கொள்ள உங்கள் கணவரின் முன்கையை நீட்டச் சொல்லுங்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் வண்டியை வீட்டு வாசலில் சமதரையில் நிறுத்தி, அவசரமில்லாத நேரத்தில் ஏறி இறங்கிப் பழக்குங்கள். மணை காரின் டிக்கியில் கிடக்கட்டும். மருத்துவமனை வாசலிலும் அது தேவைப்படும்.